உங்கள் வீடியோவை இன்னொருவர் ஏற்றிவிட்டால்: புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தேர், திருவிழா, கல்யாணம் என்று வீடியோ எடுக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. ராத்திரி முழுக்க நின்று எடுத்ததை எவனோ டவுன்லோட் செய்து, லோகோவை மறைத்துத் தன் சேனலில் போட்டுக் காசு பார்ப்பான். ஸ்டேஷனுக்குப் போனால், "அவன் பொள்ளாச்சிக்காரன், அங்கே போ" என்பார்கள். அங்கே போனால், "நீ கேரளா, உன் ஸ்டேஷனில் கொடு." திருட்டு வீடியோவை நீக்க வைக்க இந்த அலைச்சல் தேவையே இல்லை.

சட்டம் சுருக்கமாக: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்ததுமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் புகார் செல்லாது என்று காசு கேட்கும் ஏஜென்ட்டிடம் ஏமாறாதீர்கள்.

ஆனால் உரிமை யாருக்கு என்பதில்தான் பலர் விழுகிறார்கள். ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கேமரா உங்களுடையது, கண்விழிப்பு உங்களுடையது, உரிமை மட்டும் மாப்பிள்ளை வீட்டாருடையது. திருவிழாக் கமிட்டி பணம் கொடுத்தாலும் இதே கதைதான். அட்வான்ஸ் ரசீதிலேயே "பதிப்புரிமை எடுத்தவருக்கே" என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரி இல்லையென்றால் புகாரை அவர்கள் கொடுக்க வேண்டும், அல்லது உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தர வேண்டும்.

அடுத்து, வீடியோவுக்குக் கீழே இருக்கும் ரிப்போர்ட் பட்டன். ஊரே சேர்ந்து அழுத்தினாலும் அது காப்பிரைட் புகார் ஆகாது. யூடியூபில் அதற்குத் தனிப் படிவம் உண்டு. சேனல் பெயர் மட்டும் போதாது. திருடிய ஒவ்வொரு வீடியோவின் லிங்கும் வேண்டும். அனுப்புவதற்கு முன்பே தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஒரிஜினல் மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிடாதீர்கள்.

திருட்டு வீடியோவை யூடியூப் நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எதிராளி மறுப்பு அனுப்பினால், அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாளுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டத்தின் வழி இன்னும் கெடுபிடி. 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதிப்படி எழுத்தில் புகார் கொடுத்தால் அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் வீடியோவை முடக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் வழக்குப் போட்டு 21 நாளில் கோர்ட் உத்தரவு கொண்டுவருவேன் என்று நீங்கள் உறுதி எழுதித் தர வேண்டும். வாய்தா வாங்கவே மாதங்கள் ஆகிற நாட்டில் 21 நாள்! உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்; அதே வீடியோவுக்கு நீங்கள் மறுபடி கொடுக்கும் புகாரைக் கண்டுகொள்ளவும் வேண்டியதில்லை. எனவே வக்கீலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வழக்குக்குக் கோயம்புத்தூர் ஓட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு அது பாலக்காடு.

நிறுவனம் பதிலே சொல்லவில்லையா? 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளின்படி அதன் குறைதீர் அதிகாரி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். அவர் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். புகார் எண்ணைத் தொலைத்தால் எதுவும் நடக்காது.

சரி, புகார் உங்கள் மேலேயே வந்தால்? ஊர்வலத்தில் பேண்ட் செட் சினிமாப் பாட்டு வாசித்தால் யூடியூபே பாட்டைக் கண்டுபிடித்துப் பாட்டின் உரிமையாளர் பெயரில் போடும் தானியங்கி உரிமைகோரல் வரலாம். பெரும்பாலும் விளம்பரக் காசு அவருக்குப் போவதோடு அது முடிந்துவிடும், ஸ்ட்ரைக் இல்லை. ஸ்ட்ரைக் என்பது காப்பிரைட் புகாரில் வீடியோ நீக்கப்பட்டால் சேனல் மேல் விழும் எச்சரிக்கை: 90 நாளில் மூன்று விழுந்தால் சேனல் போய்விடலாம். கோபத்தில் மறுப்பு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பெயரும் முகவரியும் எதிராளி கைக்குப் போகும்.

பெரும்பாலும் புகார் போன மறுநாளே திருடியவர் போன் செய்வார், "அண்ணா, வாபஸ் வாங்கிடுங்க" என்று. வாபஸ் வாங்கினால் அவர் ஸ்ட்ரைக் நீங்கிவிடும், உங்கள் கையில் பிடி இருக்காது. பேசிய பணம் வந்து சேர்ந்த பிறகு வாங்குங்கள்.