அபு சிம்பெலில் தலைசுற்றி விழுவது ஏன்?

எகிப்துக் குழுச் சுற்றுலாவுக்குக் கிளம்புமுன் மருத்துவரிடம் வரும் வயதானவர்கள் பெரும்பாலும் கேட்பது வயிற்றுப்போக்கு மாத்திரைதான். அதுவும் தேவைதான். ஆனால் அங்கே ஆளைச் சாய்க்கும் முக்கியமான காரணம் ஒன்று பேச்சிலேயே வருவதில்லை. பயணம் முழுக்கப் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். கழிப்பறை எங்கே கிடைக்குமோ, தன்னால் குழு தாமதமாகுமோ என்ற கூச்சம்தான் காரணம்.

தெற்கு எகிப்தின் பழங்காலக் கோயிலான அபு சிம்பெலுக்குப் போகும் நாளைப் பாருங்கள். அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. பேருந்து விடியுமுன் கிளம்பும். போய்ச் சேர மூன்று, மூன்றரை மணி நேரமாகும். முந்தின இரவே தண்ணீரை நிறுத்தியவர், ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை (சிறுநீரைக் கூட்டி உடலின் நீரை வெளியேற்றுவது) மட்டும் மறக்காமல் விழுங்கியிருப்பார். கோயிலின் முகப்பு கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். உள்ளே வழிகாட்டி விளக்கம் சொல்ல அனுமதி இல்லாததால், கோயிலைக் கட்டிய மன்னர் இரண்டாம் ராம்செஸின் வரலாறும், 1964 முதல் 1968 வரை கோயிலைத் துண்டுதுண்டாக அறுத்து பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மறுபடி கட்டிய வரலாறும் வெளியே நின்றுதான் கேட்கவேண்டும். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும். சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் கூடுதல் ரத்தம் பாயும். நீர் வற்றிய உடலில் மூளைக்குப் போகும் அளவு குறைந்து, கண் இருட்டி விழுவது அப்போதுதான். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போனது என்பதும் தெரிவதில்லை.

இதைத் தடுப்பது கடினமில்லை. வழியில் பேருந்து எங்கே நிற்கும் என்று முந்தின நாளே வழிகாட்டியிடம் கேட்டுவையுங்கள். பதில் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். விளக்கத்தைப் பேருந்திலேயே சொல்லச் சொல்லுங்கள், நல்ல வழிகாட்டிகள் மறுப்பதில்லை. வெயிலில் நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி தண்ணீர் குடியுங்கள். மொத்தமாக ஒரு பாட்டிலைக் காலி செய்வது பயன் தராது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீருக்கு அளவு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் தனி அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் மாத்திரையை அன்று மட்டும் திரும்பி வந்தபின் போடலாமா என்பதையும் கிளம்புமுன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல். விடியற்காலையில் கையில் தரும் உணவுப் பொட்டலத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுவிட்டால், பேருந்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். சாப்பாடு கைக்கு வந்து, சாப்பிடத் தொடங்கும்போதுதான் மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீர் வழியே சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும்; வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அவற்றை எப்போது நிறுத்தவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது. விமானத்தில் சரக்குப் பெட்டியிலும் வைக்கக்கூடாது, உறைந்துவிடலாம்.

கீஸாவின் பெரிய பிரமிடுக்குள் போக நுழைவுச்சீட்டு தனி. அதனால் வாங்குமுன்பே முடிவெடுக்கலாம். மேலேறும் பாதை ஏறக்குறைய 39 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம், 26 பாகைச் சரிவு. வளைந்து குனிந்தபடியே ஏறவேண்டும், எதிரே இறங்கி வருபவர்களுக்கும் அதே வழிதான். நடுவில் மூச்சு முட்டினாலும் சட்டென்று திரும்ப முடியாது. மூட்டுவலி, ஆஸ்துமா, நெஞ்சுவலி, அடைபட்ட இடங்களில் பதற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் வெளியே நில்லுங்கள். மேலே இருப்பது ஓவியமில்லாத ஒரு கருங்கல் அறையும் காலியான கல்பெட்டியும்தான். போகாததால் பெரிய இழப்பில்லை.

லக்சரில் மன்னர்களின் பள்ளத்தாக்கு அப்படியல்ல, அங்கே ஓவியங்களைத் தவறவிடக்கூடாது. பொதுச்சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம், எவை என்பது நம் தேர்வு. மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்குப் பாறை இடுக்கில் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி, மறுபடி உள்ளே இறங்கவேண்டும். நான்காம் ராம்செஸின் கல்லறை அகலமானது, சரிவும் குறைவு. முழங்கால் வலிக்காரர்களும் சுவர்களை நிதானமாகப் பார்க்கலாம். அன்று எவை திறந்திருக்கின்றன என்று கேட்டு, இத்தகையதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் ஒருவர் திடீரெனக் குழறிப் பேசினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெறும் களைப்பல்ல, வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடை தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எகிப்தில் ஆம்புலன்ஸ் எண் 123. அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தவேண்டாம்.

மருந்துப் பையில் டிராமடோல் என்ற வலி மாத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எகிப்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2017-இல் 290 டிராமடோல் மாத்திரைகளோடு போய் இறங்கிய பிரிட்டிஷ் பயணி ஒருவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வலிக்கு அதைச் சாப்பிடுபவர்கள் மாற்று மருந்து கேட்பதே பாதுகாப்பு. மற்ற மருந்துகளை அவற்றின் அட்டையோடு, மருத்துவர் சீட்டின் நகலோடு கைப்பையில் வையுங்கள்.