சக்காட்: கண்ணு சுண்டுற கதை

டிரைவரோட கண்ணு எங்கெங்க போகுதுன்னு சிமுலேட்டர்ல (திரையில ரோட்டைக் காட்டி ஓட்ட வைக்கிற போலி கார்) உக்கார வச்சுப் பாக்குற ஆராய்ச்சியைப் படிக்கப் போனா சக்காட்னு ஒரு வார்த்தை வந்து நிக்கும். ரோட்டைப் பாக்கும்போது நம்ம கண்ணு வழுக்கிக்கிட்டே போறதில்ல, ஒரு இடத்துல நிக்கும், வெடுக்குன்னு இன்னொரு இடத்துக்குத் தாவும், திரும்ப நிக்கும், இப்படி செகண்டுக்கு மூணு நாலு தடவை. அந்த வெடுக்குதான் சக்காட்.

தாவுற நேரத்துல பார்வையை மூளை அமுக்கி வச்சிடும். நம்பலைன்னா கண்ணாடி முன்னாடி நின்னு உங்க இடது கண்ணையும் வலது கண்ணையும் மாத்தி மாத்திப் பாருங்க, கண்ணு அசையுறது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்துல நிக்கிறவருக்கு நல்லாவே தெரியும்.

வார்த்தை பிரெஞ்சு. குதிரைக்காரன் கடிவாளத்தை வெடுக்குன்னு இழுக்குறதுக்குப் பேரு சக்காட். 1870கள் கடைசில எமில் ஜவால்ங்குற பாரிஸ் கண் டாக்டர் இதைக் கண்ணோட அசைவுக்கு எழுதினாரு, அது அப்படியே நின்னுடுச்சு (பாவம், பின்னாடி அவருக்கே கிளௌகோமாங்குற கண் அழுத்த நோய் வந்து பார்வை போயிடுச்சு). குதிரை ஓட்டுறவன் வார்த்தை சுத்திச் சுத்தி கார் ஓட்டுறவன்கிட்டயே வந்துருக்கு பாருங்க.

சிமுலேட்டர்ல இது எதுக்குன்னா, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டியோட ஆம்ஹர்ஸ்ட் கேம்பஸ்ல ஒரு டெஸ்ட் வச்சாங்க, முடிவு 2005ல வந்துச்சு. ஜீப்ரா கிராஸிங்குக்கு முன்னாடி ஒரு லாரி நிக்குது, அது மறைக்கிறதால யாராவது குறுக்க வர்றாங்களான்னு தெரியாது. உண்மையில யாரும் வரவும் மாட்டாங்க. ஆனா லாரியோட முன் ஓரத்துக்குக் கண்ணு ஒரு தடவை தாவுச்சா இல்லையா, அதான் கேள்வி. அனுபவசாலிங்களைவிட புதுசா லைசென்ஸ் எடுத்த பசங்க அங்க பாத்தது ரொம்பக் கம்மி. நிஜ ரோட்டுல இதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சுப் பாக்க முடியாது, ஆளை மோதவிட்டும் பாக்க முடியாது.

தமிழ்ல என்ன சொல்லலாம்? விழித்தாவல்னு சொன்னா சட்டுன்னு புரியும், தப்பில்ல. ஆனா தாவல்ல அந்த இழுப்பு இல்ல. கடிவாளத்தைச் சுண்டுறதுன்னு நம்மகிட்டயே இருக்கு, கண்ணைச் சுண்டி இழுக்குதுன்னு தினமும் சொல்றோம். அதனால என் ஓட்டு விழிச்சுண்டுக்குத்தான். விழிச்சுண்டல்னு மட்டும் ஆக்கிடாதீங்க, மெரினாவுல தேங்கா மாங்கா போட்டு வித்துருவாங்க.