இலவசக் கண்புரை ஆபரேஷன் மட்டமானதா?

கண்புரை வந்தால் 'கண்ணில் சதை வளர்ந்திருக்கு' என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அது சதை இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே வயதாக ஆக மங்கிவிடுகிறது. அதுதான் கண்புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கும் ஆபரேஷன், 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசம். திட்டத்தில் சேர்ந்த தொண்டு நிறுவன மருத்துவமனைகளுக்கு அரசு இதற்காக மானியம் கொடுக்கிறது.

இதில் ஒரு விதியை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் கேம்ப், பரிசோதனைக்கு மட்டும்தான். ஆபரேஷன், நிரந்தரத் தியேட்டர் உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். தற்காலிக இடத்தில் செய்தால் கிருமி புகுந்து பார்வையே போய்விடலாம். 'இங்கேயே முடித்துவிடலாம்' என்று யார் சொன்னாலும் படுக்காதீர்கள்.

சரி, காசு வாங்காமல் செய்வது மட்டமான முறையா? இல்லவே இல்லை. முன்பு கருவிழி ஓரத்தில் 10, 12 மில்லிமீட்டர் வெட்டித் தையல் போடுவார்கள். இப்போது கேம்ப் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் செய்வது சிறுதுளை முறை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6, 7 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக ஒரு சுரங்கம்போலக் கீறி, அதன் வழியாகப் புரையை எடுத்து லென்ஸை வைக்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே அந்த வழியை மூடிக்கொள்வதால் பெரும்பாலும் தையலே வேண்டாம். நன்றாக முற்றிய புரைக்கு இது அருமையான முறை. இன்னொரு முறை ஃபேக்கோ. பலர் இதை 'லேசர்' என்று சொன்னாலும், பெரும்பாலும் இது லேசரே இல்லை. ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். துளை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, கண் சீக்கிரம் தேறும். தேர்ந்த கையில் இரண்டும் நல்ல பார்வை தரும்.

ஆபரேஷனுக்கு முன் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். அது போவிடோன் அயோடின்; கிருமியைக் கொல்வது. கொஞ்சம் எரியும், தடுக்காதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கண் என்று நர்ஸ் கேட்கும்போது நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில், உங்களுக்கு வைத்த லென்ஸின் விவரம் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ, மறுபரிசோதனை தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.