‘சர்வர் பூட் ஆகல’: அந்த பூட்டுக்குத் தமிழில் என்ன?

பழைய சர்வரில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்து மறுபடி ஆன் செய்தால், கருப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும். உடனே வாயில் வருவது ‘பூட் ஆகல’. இந்த பூட் காலில் போடும் அதே பூட்ஸிலிருந்து வந்ததுதான். பூட்ஸின் மேல்விளிம்பில் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும், அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று, நடக்கவே நடக்காத காரியத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கேலி செய்தார்கள். 1950களில் கணினிக்காரர்களுக்கும் அதே சிக்கல்: நினைவகம் காலி, நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும், அதை யார் ஏற்றுவது? சில கட்டளைகள் மட்டும் முதலில் உள்ளே வந்து மிச்சத்தை இழுத்துக்கொள்ளட்டும் என்று வழி கண்டார்கள், பூட்ஸ்ட்ராப் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பேச்சில் அது பூட் ஆகிவிட்டது.

சின்னது பெரியதை இழுக்கும் இந்தச் சங்கிலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பழைய சர்வரில் பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல், வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும், அதில் நிரலுக்கென்று இருப்பது 446 பைட்தான். அது கிரப் என்ற பூட் லோடரை, அதாவது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலை, இழுக்கும். கிரப் லினக்ஸின் மையமான கெர்னலையும், வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் இழுக்கும். அதனால் ‘பூட் ஆகல’ என்பது பாதிச் செய்திதான், எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதுதான் மீதி. கிரப்பே வரவில்லையா? லினக்ஸ் நிறுவியைப் பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் ஓட்டிவிட்டு வட்டைப் பழைய பயாஸ் முறையில் திறக்கிறீர்களா என்று பாருங்கள். வட்டு 2 டெராபைட்டைத் தாண்டியதால் ஜிபிடி என்ற புதிய வகைப் பிரிவு அட்டவணை போட்டிருந்தால், பயாஸ் முறையில் கிரப் தன் மீதிப் பகுதியை வைக்க 1 மெகாபைட்டில் தனிப் பிரிவு ஒன்று கேட்கும், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். கிரப் வந்து, கெர்னலும் ஓடி, கடைசியில் லினக்ஸ் கோப்புகள் இருக்கும் ரூட் பிரிவைக் காணோம் என்று நின்றால், பெரும்பாலும் பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டின் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லை. புது வெளியீடுகள் பழைய கார்டுகளைக் கைவிடுவதும் உண்டு. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 அப்படிச் சிலவற்றை விட்டுவிட்டது, அந்தக் கார்டு இருந்தால் நிறுவிக்கே வட்டு தெரியாது. எல்லாம் ஓடியும் திரை மட்டும் கருப்பென்றால் கிரப் கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், திரையின் முறையை மாற்றாதே என்று சொல்லும் நோமோட்செட்டைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். தொடக்கு, தொடக்கம், ரீபூட்டுக்கு மறுதொடக்கம் என்று எழுதுகிறோம். நல்ல சொற்கள்தான், குறையொன்றும் இல்லை. துவக்கு என்றும் எழுதுகிறார்கள், ஆனால் ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி, அங்குள்ளவர்கள் படித்தால் சிரிப்பார்கள். பூட் லோடருக்குத் தொடக்க ஏற்றி பொருந்தும். ஆனால் தொடக்கம் என்றதும் சுவிட்சைத் தட்டுவதுதான் மனதில் வருகிறது, தன்னைத்தானே தூக்கும் அந்த வேடிக்கை காணாமல் போகிறது. பூட்ஸ்ட்ராப்புக்கு ‘தன்னேற்றம்’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன், சுருக்கமாகவும் இருக்கிறது.

நம் ‘பூட்டு’க்கும் இதற்கும் உறவு கிடையாது. ஏர் பூட்டு, நாண் பூட்டு என்று வேலைக்கு ஆயத்தப்படுத்தும் பொருள் அதில் இருப்பது தற்செயல். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘சர்வரைப் பூட்டு’ என்று சொன்னால் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.