ஆள் இல்லாத ஊர் என்றால் யாரையும் எடுப்பார்களா?

வெளிநாடு போகவென்று இந்த மாதத்தில் என் மேசைக்கு எழுத வந்த மூன்றாவது வீடு இது. களுவாஞ்சிகுடிப் பக்கத்து இளம் தம்பதி, கையில் இரண்டு வயதுப் பிள்ளை. மேசையில் வைத்தது மனைவியின் சீதன வீட்டு உறுதி. "காசு தாறவர் வெளியில நிக்கிறார் மிஸ், இண்டைக்கே எழுதினா நல்லம்" என்றார் கணவர். எதற்கு அவசரம் என்று கேட்டேன்.

"கனடாவுல சனம் குறைஞ்ச பக்கம் மிஸ். வேலைக்கு ஆளே இல்லையாம். இங்கிலீஷ் சோதினையும் தேவையில்லையாம். 45 லட்சம் கட்டினாச் சரி."

நான் நொத்தாரிசு, விசா ஆலோசகர் இல்லை. ஆனால் விசாக் கதைகளெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் உறுதியாக வந்து சேர்கின்றன. அதனால் நானும் கொஞ்சம் படித்துவைத்திருக்கிறேன்.

சனம் குறைந்த பக்கம் போவது தவறென்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த தாதிப் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் அடிலெய்டு போனாள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்ந்த இடமெல்லாம் அவுஸ்திரேலியக் கணக்கில் பிராந்தியப் பகுதிதான், பெர்த் உட்பட. 491 என்ற அந்த விசா 5 வருடத்துக்கு. அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்து உழைத்தால் 3 வருடத்துக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவளை எடுத்தது அவள் தாதி என்பதற்காக. அந்த ஊரில் ஆள் இல்லை என்பதற்காக மட்டும் இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஆள் இல்லாத ஊர் என்றால் யாரையும் எடுப்பார்கள் என்று யார் சொன்னது? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு டொக்டர் இல்லை, கணித ஆசிரியர் இல்லை என்று நாங்கள் எத்தனை வருடமாகக் கத்துகிறோம்? அதற்காக ரோட்டில் போகிற ஒருவரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் டொக்டராக இருத்துகிறோமா? ஊரில் சனம் குறைவு என்பது வேறு, வேலைக்கு ஆள் குறைவு என்பது வேறு. எந்த வேலைக்கு, என்ன தகுதியோடு என்பதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் இலங்கையைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு நிலம், சனம் ஏதோ 12 லட்சம். அந்த வெறுமையைப் பார்த்து யாரும் விசா தருவதில்லை.

அந்த மாகாணத்தின் மூஸ் ஜா நகரத்தைத்தான் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். காத்தான்குடியில் இருக்கிற அளவு சனம்கூட அங்கே இல்லை. 2025 ஜனவரியில் கனடா தொடங்கிய கிராமப்புறக் குடிவரவுத் திட்டத்தில் 14 இடங்கள், அதில் மூஸ் ஜாவும் ஒன்று. அதுவரைக்கும் ஏஜென்ட் சொன்னது உண்மை. ஆனால் அங்கே அங்கீகரிக்கப்பட்ட முதலாளி ஒருவர் வேலை தந்திருக்க வேண்டும். இங்கிருந்து போகிறவருக்குக் கடந்த 3 வருடத்துக்குள் அதோடு தொடர்புள்ள வேலையில் 1 வருட அனுபவம் வேண்டும். ஆகச் சாதாரண வேலைக்கும் மொழிச் சோதினை உண்டு, மட்டம் மட்டும்தான் வேலைக்கு வேலை மாறும். பிறகு, வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது சஸ்காட்சுவானில் சட்டவிரோதம். அப்படியென்றால் இந்த 45 லட்சம் எதற்கு?

"விசா கிடைச்சா நேரே ஸ்காபரோ மாமா வீட்டுக்குப் போயிரலாம்" என்பது அடுத்த கணக்கு. ஸ்காபரோ இருப்பது டொரோண்டோவில். மூஸ் ஜாவிலேயே குடியிருப்பேன் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்கிறீர்கள். பொய் என்று பிடிபட்டால் 5 வருடத்துக்குக் கனடாப் பக்கம் தலைவைக்க முடியாது.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். அன்றைக்கு எழுதச் சொன்னது ஈட்டு உறுதி இல்லை, அறுதி உறுதி. ஈடு என்றால் வீடு உங்களுடையது, கடன்தான் அதன்மேல் இருக்கும். அறுதி என்றால் விற்றாயிற்று. "காசு தந்தா திருப்பி எழுதித் தருவன்" என்று வட்டிக்காரர் வாயால் சொன்னதை நம்பித்தான் கையெழுத்து வைக்கிறார்கள். காணி விசயத்தில் நொத்தாரிசு முன்னால் எழுதாத வாக்குக்கு வலுவில்லை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து இதுதான் நிலைமை. நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது வீட்டை அவர் எனக்காகத்தான் வைத்திருக்கிறார், என்று வழக்குப் போட வழி இருக்கிறது. அது முடிய, கையிலிருக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

ஆகவே, சொல்வதைக் கேளுங்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும், சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தை நம்பாமல் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள். பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார், ஒரு நடை போய்க் கேளுங்கள். மூஸ் ஜாவின் முதலாளிப் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஈடு எழுதுங்கள், அறுதி வேண்டவே வேண்டாம். தங்கச்சிமாரே, வீடு உங்கள் பெயரில் இருந்தால் கையெழுத்தும் உங்களுடையதுதான். "யோசிச்சுச் சொல்றன்" என்று சொல்வதால் குடும்பம் கெட்டுப்போகாது.

அன்று நான் அந்த உறுதியை எழுதவில்லை. அந்த மனைவியிடம் மட்டும் ஒன்று கேட்டேன்: "ஏஜென்ட் தந்த கடிதத்தில் கம்பெனி பெயர் என்ன?" அவள் கணவரைப் பார்த்தாள். அவர் போனில் தேடினார், பெயர் இல்லை. வெளியே நின்றவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

வேறெங்காவது போய் எழுதினார்களோ, தெரியாது. கையெழுத்து வைக்கமுன் யாராவது உறுதியை வாசித்துக் காட்டச் சொல்லி வந்தால் வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.