ஏரியைத் தூர்வாரும் முன் வரத்துக் கால்வாயில் நடந்து பாருங்கள்

நீர்வளப் பொறியாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் பார்த்த ஏரிகளுள் ஒன்று இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. வட மாவட்டம் ஒன்றில், கோடையில் அதைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, வயலுக்கு நீர் திறந்துவிடும் மடைக்குப் புதுக் கதவும் பொருத்தியிருந்தோம். ஐப்பசியில் நல்ல மழை பெய்து மேல் ஏரி நிரம்பி, அதன் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தபோதும், இந்த ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூடச் சேரவில்லை. ஏரி நீரைத் திறந்து பங்கிட்டுத் தரும் அவ்வூர் நீர்க்கட்டிப் பெரியவர், “வாங்க சார், காட்டுறேன்” என்று அழைத்துப் போனார். சீமைக்கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயிலேயே நடந்தோம். வழியில் அகலப்படுத்தப்பட்ட சாலை ஒன்று குறுக்கிட்டது. அதன் சிறுபாலத்துத் தளம் கால்வாயின் தரையைவிட இரண்டடி உயரத்தில் இருந்தது. வந்த தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி, பக்கத்து மனைப்பிரிவு வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

ஒரே மழை ஓரிடத்தில் வெள்ளமாகவும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வறட்சியாகவும் மாறியதற்குக் காரணம் அந்த இரண்டடிதான். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. அவற்றை இணைக்கும் கால்வாயோ வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. அதைக் கடக்கும் சாலை வேறொரு துறையின் பொறுப்பு. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்த உபரிநீரே கீழ் ஏரிக்கு வரத்தாக அமையும்படி சங்கிலியாக வெட்டினார்கள். ஏறத்தாழ 39,000 ஏரிகள், கண்மாய்கள் கொண்ட ஒரு மாநிலத்தில் திட்டமிடலின் அலகு ஓர் ஏரியாகவோ ஒரு மாவட்டமாகவோ இருக்க முடியாது. அந்தச் சங்கிலி முழுவதும், அது சேரும் ஆற்றின் உபவடிநிலமும்தான் (அந்த ஆற்றுக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பகுதி) அலகாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூர்வாருதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 100 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் சராசரியாக ஓரடி வண்டலை அகற்றினால் ஏறத்தாழ 3 லட்சம் கன மீட்டர் இடம் கிடைக்கும். வண்டல் விவசாயியின் வயலுக்கும் உரமாகும். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவலாம். பாசனக் கணக்கில் அதைச் சேர்ப்பது தவறு. கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தாலோ கரையே பலவீனமடையும். மண் எடுக்கும் ஆர்வத்தில் இந்த இரண்டையும் மறந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சீரமைப்புப் பணியின் வெற்றியை அள்ளிய மண்ணின் அளவைக்கொண்டு மதிப்பிடாமல், மழைக்குப் பின் மடையில் நின்ற நீரின் அளவைக்கொண்டு மதிப்பிட வேண்டும்.

நம் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாள்களில் தடையின்றி ஓடிச் சேரும் நீரை நம்பித்தான் அடுத்த ஒன்பது மாதங்கள். 2015-இல் வெள்ளத்தில் தத்தளித்த சென்னை, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரும் நிலைக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெள்ளத் தடுப்புக்கு ஒரு திட்டம், வறட்சிக்கு வேறொரு திட்டம் என்று பிரித்து வகுக்கும்வரை இது மாறாது. 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும், 2007-இல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தனிச் சட்டம் இயற்றியதும் நல்ல முன்னெடுப்புகள். ஆயினும் ஏரிப் பரப்பில் எழும் ஆக்கிரமிப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. பத்தடி அகலக் கால்வாய் ஆண்டுக்கு ஓரடியாகச் சுருங்கி வரப்பாகிப்போவது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே, வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. ஏரி வற்றத் தொடங்கி, கால்வாய்த் தரை கண்ணுக்குத் தெரியும் காலம் அது. அதற்கு முன்பே நான்கு பேர் சேர்ந்து, ஊர் நீர்க்கட்டியையோ மூத்த விவசாயியையோ உடன் அழைத்துக்கொண்டு, மேல் ஏரியின் கலங்கலில் தொடங்கி உங்கள் ஏரிவரை நடந்து பாருங்கள். கையில் அப்பகுதியின் நில அளவை வரைபடமான புலப்பட நகலும், கால்வாயின் புல எண்களை (சர்வே எண்களை) காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டு நகலும் இருக்கட்டும். எந்தப் புல எண்ணில் கால்வாய் குறுகியுள்ளது, எந்தச் சிறுபாலத்தின் தளம் உயர்ந்துள்ளது, எங்கே குப்பை கொட்டப்படுகிறது என்பவற்றைக் குறித்து, அந்தப் பட்டியலையே தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ‘ஏரியைத் தூர்வார வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைக் கோப்பில் வைத்துவிட முடியும். புல எண்ணோடு வரும் தீர்மானத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பருவமழைக்கு முன் அந்த வேலைகளை முடிக்க ஆறு மாதம் கையில் இருக்கும்.

நான் சொன்ன ஊரிலும் அப்படித்தான் நடந்தது. அடுத்த கோடையில் சிறுபாலத்தின் தளத்தை உடைத்து இறக்கினார்கள். அந்த ஆண்டு கார்த்திகையில் அந்த ஏரியின் கலங்கலும் வழிந்தது.