சிலந்தி நரம்புச் சிகிச்சை: ஊசி போட்ட பிறகு காலில் என்ன நடக்கிறது?

மதுரைப் பக்கம் காலில் சிவப்பாகவோ நீலமாகவோ கோடு கோடாகத் தெரிபவை எல்லாவற்றுக்கும் நரம்பு என்றே பெயர். மருத்துவத் தமிழிலோ, உணர்வைக் கடத்துவது நரம்பு. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்வது சிரை. இந்தச் சொல்மயக்கம் தேவையற்ற அச்சத்தையும் உண்டாக்குகிறது. விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்டிவரும் என் மதினியிடம், கணுக்காலுக்கு மேல் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்த கோடுகளை, அதாவது சிலந்தி நரம்புகளை, ஊசி மருந்தால் அடைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "நரம்ப அடைச்சிட்டா கால் மரத்துப் போயிராதா?" என்பதுதான்.

மரத்துப் போகாது. அடைபடுவது தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நுண்சிரை. காலின் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தசைகளுக்கிடையே உள்ள ஆழ்சிரைகள் வழியாகவே மேலேறுவதால், மேலே உள்ள இந்த இழைகள் மூடிக்கொண்டால் ஓட்டத்துக்குக் குறைவு எதுவும் நேர்வதில்லை. மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிப் புடைத்துச் சுருண்டு நிற்கும் வெரிகோஸ் சிரைகள் வேறு வகை. அவற்றுக்கான சிகிச்சையும் வேறு.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரைக்குள் உள்ள அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ள, சிரையிலுள்ள வால்வுகள் அது திரும்பிவிடாமல் தடுக்க, அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். நாள் முழுதும் நிற்பவருக்கு இந்த இறக்கம் போதிய அளவு கிடைப்பதில்லை. பரம்பரை, கருவுற்ற கால ஹார்மோன்கள், வயது ஆகியவையும் சேரும்போது நுண்சிரைகள் விரிந்து வெளியே தெரிகின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. இருக்கை போடப்பட்ட கடைகளிலும் வாடிக்கையாளர் முன் உட்காரத் தயங்குகிறவர்களே மிகுதி என்பது என் கணிப்பு.

ஊசியில் செலுத்தப்படும் மருந்துகளுள் ஒன்றான பாலிடோகனால், முதலில் உணர்விழப்பு மருந்தாக உருவாக்கப்பட்டது என்பதால் அதிக வலி தருவதில்லை. அது சோப்பைப் போலச் செயல்பட்டுச் சிரையின் உட்சுவர் செல்களைக் கரைக்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய ஊசி உள்ளே சென்றதும், மருந்து இரத்தத்தை முன்னே தள்ளுவதால், சிவந்த வலை கண்ணெதிரே அழிந்து தோல் வெளுக்கிறது. அதைக் கண்டு மகிழ்ந்த மதினிக்குச் சில நிமிடங்களில் ஏமாற்றமே மிஞ்சியது. கோடுகள் திரும்பத் தெரிந்ததோடு, ஊசி பட்ட இடமெல்லாம் கொசு கடித்தாற்போல் தடித்திருந்தது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புண்பட்ட சுவர்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, நார்த்திசுவாக மாறி, உடலின் துப்புரவுச் செல்களால் சிறிது சிறிதாக உறிஞ்சப்படுகின்றன. மெல்லிய கோடுகள் மறைய மூன்று முதல் ஆறு வாரமும், சற்றே பெரிய நீலச் சிரைகள் மறைய மூன்று, நான்கு மாதமும் ஆகும். ஒரே அமர்வில் எல்லாம் தீர்வது அரிது. சில வார இடைவெளியில் இரண்டு, மூன்று அமர்வுகள் தேவைப்படுவதே வழக்கம்.

நம் ஊர்த் தோல் நிறத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது பழுப்புக் கறையைப் பற்றி. மூடிய சிரையிலிருந்து கசியும் சிவப்பணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பு, ஹீமோசிடெரின் என்னும் வடிவில் தோலுக்குள் தங்கிவிடுகிறது. போர்த் தண்ணீர் பிடித்துவைத்த வாளியின் ஓரத்தில் படிகிறதே, ஏறக்குறைய அதே துரு நிறம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மங்கிவிடும். சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். இது பெரும்பாலும் இரும்பின் நிறமாகையால், தோலின் இயற்கை நிறமியான மெலனினைக் குறைக்கும் வெளுப்பு கிரீம்களைத் தடவுவது வீண் செலவு. மூடிய சிரைக்குள் உறைந்த இரத்தம் சிறு முடிச்சாகத் தட்டுப்பட்டால், இரண்டு மூன்று வாரத்தில் மருத்துவர் அதை ஊசியால் குத்தி வெளியேற்றுவது கறையைக் குறைக்க உதவும். ஊசிக்குப் பதிலாக லேசரைத் தேர்பவர்கள் 1064 நானோமீட்டர் அலைநீளக் கருவியா என்று கேட்டறிவது நல்லது. அதைவிடக் குறைந்த அலைநீள ஒளியை மாநிறத் தோலின் மெலனின் மிகுதியாக உறிஞ்சிக்கொள்வதால் தோல் புண்படக்கூடும்.

சிலருக்குச் சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி, முன்பு இல்லாத மெல்லிய சிவப்பு இழைகள் சில வாரங்களில் முளைப்பதுண்டு. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தாமாக அடங்கிவிடும் என்பதால், உடனே மறுபடி ஊசி போடாமல் பொறுத்திருப்பதே முறை.

நன்கு மூடி உறிஞ்சப்பட்ட சிரை பெரும்பாலும் மீண்டும் திறப்பதில்லை. ஆனால் சிரைகளை விரியச் செய்த உடல்வாகும் வேலையும் மாறாதிருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல வேறிடத்தில் புதியவை தோன்றலாம். வைகைப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மடையைத் திறந்துவைத்து வாய்க்காலை மட்டும் அடைத்தால் தண்ணீர் வேறு வரப்பை உடைக்கும். சிலந்தி வலைக்கு அடியில் வால்வு கெட்ட பெரிய சிரை ஒன்று இரத்தத்தை ஊட்டிக்கொண்டிருந்தால், மேலே எத்தனை ஊசி போட்டாலும் பலன் நிலைக்காது. எனவேதான் கால் வீக்கம், கனத்துப்போதல், கணுக்காலில் தோல் கறுத்தல் ஆகியவை இருந்தால் முதலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். கருவுற்ற காலத்தில் தோன்றியவை பேறுக்குப் பின் தாமாகவே சுருங்கக்கூடும் என்பதால் அப்போது சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள்.

ஊசி போட்ட அன்றே நடக்கலாம்; நடக்கவும் வேண்டும். இறுக்கமான காலுறையைச் சில நாள் முதல் சில வாரம் வரை அணியச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் மதுரையில் அதை அணிந்திருப்பது தண்டனை. அவசரம் இல்லாத இந்தச் சிகிச்சையை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னர் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் ஊசிக்கு முன் மருத்துவர் எடுத்துக் கொடுத்த படத்தை மதினி இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறார். மூன்றாண்டு கழித்து, கணுக்காலில் கோடுகள் திரும்பிவிட்டன, கொடுத்த பணமெல்லாம் போயிற்று என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். படத்தையும் காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். படத்தில் வலை படர்ந்திருந்த இடம் தெளிவாகவே இருந்தது. புதிய இழைகள் அதற்கு நான்கு விரற்கடை மேலே, கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் இருந்தன. "இது வேற கோடுதான்" என்று அவரே சொல்லிவிட்டு, அந்த இடத்தையும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டார்.